அந்த மதிலை எடுத்துவிடுங்கள்: கற்பனைத் துறைமுகம் எழுதும் இளையோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

நெல்லை, பாளையங்கோட்டை, தூத்துக்குடி என்று வெவ்வேறு ஊர்களில் படிக்கிற நீங்கள் ஒன்றுசேர்ந்து தமிழில் ஒரு பெரிய மிகுபுனைவு எழுதப் போகிறீர்கள் என்று தெரிந்ததும் மிகவும் மகிழ்ந்தேன். வாளும் மந்திரமும் ஏதோ ஒரு பனிமலைத் தேசத்துக்குத்தான் சொந்தம் என்று நினைக்காமல் தென்கடல் துறைமுகம் ஒன்றைக் கதைக்களமாக எடுத்தீர்களே, அது இன்னும் பெரிய மகிழ்ச்சி. கருத்துக் கேட்டு நீங்கள் அனுப்பிய வரைபடமும் குறிப்பும் கைமாறிக் கைமாறி என்னிடமும் வந்தன. கேட்டிருக்கிறீர்கள் என்பதால் எழுதுகிறேன். இதே மாதிரி நகரம் கட்ட ஆசைப்படும் மற்ற இளையவர்களும் படிக்கட்டும் என்பதால் எல்லாருக்கும் தெரிய எழுதுகிறேன்.

நான் ஏரல்காரன். தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சரக்கு, எடை, கூலி, டெமரேஜ் என்கிற தாமதக் கட்டணம், யார் கையெழுத்துப் போட வேண்டும், யார் போட மாட்டேன் என்கிறார் என்பவற்றோடுதான் என் காலம் போனது. துறைமுகம் எப்படி ஓடுகிறது என்பது எனக்குத் தெரியும். மிகுபுனைவை விரும்பிப் படிக்கிறவனும்கூட. இந்த இரண்டு உரிமையிலும்தான் பேசுகிறேன்.

உங்கள் நகரம் பெரிய ஆறு ஒன்றின் முகத்தில் இருக்கிறது. கிழக்குப் பாதியில் தொன்றுதொட்டு வாழும் கடல் மக்கள். முத்துக்குளிப்பது அவர்கள் தொழில், அலை அவர்கள் தெய்வம். மேற்குப் பாதியில் மூன்று தலைமுறைக்கு முன் கப்பலில் வந்து இறங்கிய குதிரை வணிகர்கள். நடுவில் வடக்கு தெற்காக ஒரு கருங்கல் மதில். அதில் ஒரே ஒரு வாசல், அதுவும் ஆண்டுக்கு ஒருமுறைதான் திறக்கும்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த மதிலை எடுத்துவிடுங்கள். பிரிவு இருக்கட்டும், பகை இருக்கட்டும், இரத்தம் சிந்தினால்கூடச் சிந்தட்டும். ஆனால் மதில் வேண்டாம். இரண்டு கூட்டமும் ஒரே வேலையில் கை வைத்திருக்கட்டும். அந்த வேலையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதுதான் அவர்களைப் பிரிக்கட்டும்.

முதலில் ஒரு எளிய காரணம். உங்கள் வரைபடத்தில் கடல் கிழக்கே இருக்கிறது. மேற்குப் பாதிக்குக் கடற்கரையே கிடையாது. அந்தக் குதிரை வணிகர்கள் தங்கள் கப்பலை எங்கே கட்டுவார்கள்? குதிரையை எந்த வழியாக இறக்குவார்கள்? ஆண்டுக்கு ஒரு நாள் திறக்கிற வாசல் வழியாகவா? துறைமுகத்துக்கு வாய் ஒன்றுதான். அதன் வழியாகத்தான் எல்லாச் சரக்கும் வரவேண்டும், எல்லா ஆளும் வரவேண்டும். ஒருவரை ஒருவர் பார்க்காமலே வாழ முடியும் என்றால் இரண்டில் ஒரு கூட்டம் நாலு மைல் தள்ளிப் போய்ச் சொந்தத் துறை திறந்திருக்கும். நம் கரையைப் பாருங்கள். வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, குலசேகரன்பட்டினம், மணப்பாடு, பெரியதாழை என்று துறைக்கு மேல் துறை. இடத்துக்கா பஞ்சம்? அப்படியும் இரண்டு மக்கள் ஒரே துறையில் ஒட்டிக்கொண்டு இருக்கிறார்கள் என்றால், ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு அங்கே பிழைப்பு ஓடாது என்று அர்த்தம். உங்கள் கதைக்கு வேண்டிய இறுக்கம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

முத்துக்குளிப்பை எடுத்திருக்கிறீர்கள். நல்ல தேர்வு. ஆனால் குறிப்பில் அதை ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள்: 'கடல் மக்கள் மூழ்கி முத்து எடுப்பார்கள், குதிரை வணிகர் வாங்குவார்கள்.' மன்னார் வளைகுடாவில் அது எப்படி நடந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன். உங்களுக்கு வேண்டிய நகரம் அதற்குள்ளேயே கிடைக்கும்.

முத்துச்சிப்பி கடலில் எல்லா இடத்திலும் கிடைக்காது. அடியில் பாறை பரந்த திட்டுகளில்தான் ஒட்டி வளரும். அதற்குப் பார் என்று பெயர். ஒவ்வொரு பாருக்கும் தனித்தனியாகப் பெயர் உண்டு. ஒரு பாரில் சிப்பி முற்றியிருக்கிறதா என்று முன்கூட்டியே ஆள் இறக்கிப் பார்த்த பிறகுதான் குளிப்பு அறிவிப்பார்கள். பல வருடம் சேர்ந்தாற்போல ஒன்றுமே இருக்காது. பிறகு ஒரு வருடம் அள்ள அள்ளக் கிடைக்கும். வாடைக்காற்று ஓய்ந்து கடல் தெளிகிற மாசி, பங்குனியை ஒட்டிய மாதங்களில் சில வாரம் மட்டும் இந்த வேலை நடக்கும். அப்போது வெறும் மணல்கரையில் ஒரு பெரிய ஊரே முளைக்கும். குளிப்பவர்கள், தோணிக்காரர்கள், வணிகர்கள், கடன் கொடுப்பவர்கள், சாப்பாட்டுக் கடைக்காரர்கள், காவலாளிகள் என்று ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். குளிப்பு முடிந்ததும் அந்த ஊர் இருந்த தடமே இருக்காது. உங்கள் நகரத்துக்குப் பக்கத்தில் இப்படி வந்து போகிற இன்னொரு நகரத்தை வைத்துப் பாருங்கள். நிரந்தர நகரத்தில் இருக்கிற சட்டதிட்டம் அந்த மணல் நகரத்தில் செல்லுமா, செல்லாதா என்பது ஒன்றே நூறு பக்கத்துக்குப் போதும்.

குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லில் காலை ஊன்றிக்கொண்டு இறங்குவார். கல்லின் பாரம் அவரைச் சட்டென்று அடிக்குக் கொண்டுபோகும். கழுத்திலோ இடுப்பிலோ தொங்கும் வலைப்பையில் சிப்பியை அள்ளிப் போட்டுவிட்டுக் கயிற்றை இழுப்பார். மேலே இருப்பவர் தூக்குவார். மூச்சுத் தாங்குவது ஒரு நிமிடம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். மேலே கயிறு பிடிப்பவர் மனைவியின் சகோதரனாக இருக்க வேண்டும் என்று கரையில் சொல்வார்கள். தன் தங்கை தாலியறுப்பதை எந்த மச்சானும் விரும்ப மாட்டான் அல்லவா, அந்த நம்பிக்கை. இதை உங்கள் நகரத்தில் வைத்துப் பாருங்கள். கடல் மக்களில் ஒருவன் வணிகர் வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறான் என்று வைப்போம். அவன் கயிற்றைப் பிடிக்க உரிமையும் கடமையும் உள்ளவன் இப்போது எதிர்க்கூட்டத்து மச்சான். அவனுக்குக் கடல் பழக்கமில்லை. பிடிக்க வந்தால் ஒரு பக்கத்தார் முறைப்பார்கள், வராவிட்டால் மறுபக்கத்தார் பழிப்பார்கள். நீங்கள் குறிப்பில் எழுதியிருக்கிற காதல் ஜோடி ஆண்டுக்கொருமுறை திறக்கும் வாசலில் கண்ணீரோடு சந்திப்பதைவிட இந்தத் தோணிமேல் நடக்கிற காரியம் எவ்வளவு கனமானது என்று யோசியுங்கள்.

அந்தக் கல்லைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். முத்துக்குளிப்பில் உரிமையைக் கல்லால்தான் எண்ணினார்கள். மதுரை நாயக்கருக்கு இத்தனை கல், ராமநாதபுரம் சேதுபதிக்கு இத்தனை கல், இந்தக் கரையின் கடல்தொழில் சமூகமான பரதவரின் தலைவருக்கு இத்தனை, முஸ்லிம் தலைவர்களுக்கு இத்தனை, சில கோயில்களுக்கும் கல் என்று பங்கு இருந்தது. போர்த்துக்கீசியர் காலத்திலும் 1658-இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர் காலத்திலும் இந்தக் கணக்கு பெரிய விவகாரமாகவே இருந்தது. அரசியலே அந்தக் கல் கணக்கில் அடங்கிவிடும். யாருடைய கல் ஒன்று குறைந்தது, யாருக்கு ஒன்று கூடியது என்று பார்த்தாலே அந்த வருடம் யார் கை ஓங்கியிருந்தது என்று தெரிந்துவிடும். உங்கள் நகரத்துக்கு முதலில் கொடியும் அரண்மனையும் வரையாதீர்கள். இந்தக் கல் கணக்கை எழுதுங்கள். மற்ற எல்லாம் தானாக வரும்.

கரைக்கு வந்த சிப்பியைக் குவியல் குவியலாகப் பங்கு பிரிப்பார்கள். அரசாங்கத்தின் பங்கை மாலையில் ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று ஏலம் விடுவார்கள். சிப்பியைத் திறக்காமலேயே ஏலம். உள்ளே ஒன்றும் இல்லாமலும் போகலாம், ஒரே முத்தில் ஒருவன் பணக்காரனாகவும் ஆகலாம். வாங்கியவர் அதை அழுகவிட்டு, புழு தின்று சதை கழன்ற பிறகு கழுவித்தான் முத்தைப் பொறுக்குவார். அந்த நாற்றமும் ஈயும் முத்து நகரத்தின் முதல் அடையாளம். உங்கள் குறிப்பில் நகரம் எங்கும் மல்லிகையும் சந்தனமும் மணக்கிறது. தயவுசெய்து அந்த நாற்றத்தையும் உள்ளே விடுங்கள். முத்தைத் தரம் பிரிக்கப் பித்தளைச் சல்லடைகள் வைத்திருந்தார்கள். பெரிய முத்துக்கு 20 துளை உள்ள சல்லடை, பொடிக்கு 1000 துளை உள்ள சல்லடை. விலை பேசும்போது இரண்டு பேர் கையையும் துணியால் மூடி விரலைப் பிடித்துப் பேசுவார்கள். சுற்றி நிற்பவருக்கு விலை தெரியாது. நம் பக்கத்து மாட்டுச் சந்தைகளிலும் துண்டுக்குள் விரல் பிடிக்கிற இந்தப் பழக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பாஷைக்காரர்கள் வாய் திறக்காமல், வெளியே ஜென்மப் பகை என்று காட்டிக்கொண்டே, துணிக்குள் நியாயமாக விலை முடிக்கலாம்.

அப்புறம், மந்திரம். உங்கள் கதையில் கடல் மந்திரவாதி ஒருவர் வருகிறார். மின்னலை அழைக்கிறார், அலையை நிறுத்துகிறார். அவருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நம் கரையில் அதற்கும் பதில் இருக்கிறது. குளிப்பு நடக்கும் நாளில் சுறா வாயைக் கட்டுவதற்கு ஒருவர் இருந்தார். அவரைக் கடல்கட்டி என்பார்கள். பரம்பரை வேலை. கரையில் இருந்து அவர் சடங்கு செய்தால்தான் குளிப்பவர்கள் தண்ணீரில் இறங்குவார்கள். இந்தத் தொழிலைச் செய்த குடும்பத்தார் கத்தோலிக்கரான பிறகும் வேலை தொடர்ந்தது. அதில் நம்பிக்கை இல்லாத ஆங்கிலேய அதிகாரிகளும்கூட அவரை வைத்துத்தான் குளிப்பை நடத்த வேண்டியிருந்தது. அவர் இல்லாவிட்டால் ஆள் இறங்காது, ஆள் இறங்காவிட்டால் வருமானம் இல்லை. இந்த ஒரு மனிதரை நீங்கள் பிடித்துக்கொண்டால் போதும். அவர் யார் பக்கம்? யார் பக்கமும் சாய முடியாது. அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் நகரமே நின்றுவிடும். அவர் மகன் இந்த வேலை வேண்டாம் என்றால் என்ன ஆகும்? மிகுபுனைவில் மந்திரம் கணக்கேட்டில் சம்பளப் பத்தியோடு வரும்போது எனக்கு அதன்மேல் நம்பிக்கை வந்துவிடுகிறது.

சரி, ஆற்றுக்கு வருகிறேன். உங்கள் வரைபடத்தில் ஆறு நீலக்கோடாக அசையாமல் கிடக்கிறது. கழிமுகத்து ஆறு அப்படி இருக்காது. வண்டல் கொண்டுவரும், மணல் மேடிடும், வாய் அடைபடும், வேறு பக்கம் உடைத்துக்கொண்டு போகும். கொற்கையைப் போய்ப் பாருங்கள். 2000 வருடத்துக்கு முன்னால் கிரேக்க மாலுமியின் கடல்வழிக் குறிப்பில் பேசப்பட்ட துறைமுகம். பாண்டியரின் முத்துக்குளிப்பைத் தண்டனை பெற்ற கைதிகள் செய்தார்கள் என்று அதே குறிப்பு சொல்கிறது. உங்கள் கடல் மக்களில் யார் விருப்பத்தோடு மூழ்குகிறார், யார் விலங்கோடு மூழ்குகிறார் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். அந்தக் கொற்கை இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே தள்ளி, குளமும் வயலும் பழைய வன்னி மரமுமாக இருக்கிறது. 1968-69-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்தது. 2021-இல் மறுபடியும் தோண்டினார்கள். கடல் விலகியதும் வாணிகம் பழையகாயலுக்கு நகர்ந்தது. பிறகு அதுவும் மண்மேடிட்டு, புன்னைக்காயல், காயல்பட்டினம், தூத்துக்குடி என்று நகர்ந்துகொண்டே வந்தது.

பொதிகையிலிருந்து வருகிற தாமிரபரணி ஒன்றே வயலையும் வளர்த்தது, துறைமுகத்தையும் கொன்றது. வயல்காரனுக்கு வண்டல் வரம். கப்பல்காரனுக்கு அதே வண்டல் சாவு. இரண்டு பண்பாட்டுக்கு இதைவிட ஆழமான வேறுபாடு வேண்டுமா? ஒருவர் ஆற்றைக் கும்பிடுவார், மற்றவர் அதற்கு அஞ்சுவார். மேலே அணை கட்டலாமா, வாய்க்காலைத் திருப்பலாமா, கழிமுகத்தைத் தோண்டலாமா என்று ஒவ்வொன்றிலும் இரண்டு கட்சி வரும். இதில் ஒருவரும் கெட்டவர் இல்லை. அவரவர் வயிறு அவரவர் பக்கம் இழுக்கிறது. சங்கப் பாட்டில் உப்பு விற்கிற நெய்தல் பெண் நெல்லுக்கு நேர் உப்பு என்று தெருவில் கூவிக்கொண்டு போகிறாள். அந்தச் சமவிலை என்றைக்கு மாறியது, ஒரு படி நெல்லுக்கு இரண்டு படி உப்பு என்று யார் எப்போது ஆக்கினார்கள் என்று கேட்டால் உங்களுக்கு ஒரு அத்தியாயம் கிடைக்கும்.

இனி எனக்கு மிகவும் முக்கியமானது.

உங்கள் குறிப்பில் மேற்குப் பாதி மக்களைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்து வருத்தப்பட்டேன். கறுப்பு அங்கி, முகத்திரை, வளைந்த கத்தி, இரக்கமில்லாத வட்டி, நகரத்தின் பழைய பாட்டுகளைத் தடைசெய்கிறவர்கள். கதை முடிவில் கடல் மக்கள் அவர்களைக் கப்பலேற்றித் துரத்துகிறார்கள், நகரம் 'மீட்கப்படுகிறது.' பெயர் சொல்லாவிட்டாலும் நம் கரையில் இதைப் படிக்கிற யாருக்கும் அவர்கள் யார் என்று தெரியும். காயல்பட்டினத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளை உங்கள் புத்தகத்தை ஆசையோடு வாங்கிப் படிக்கும். கதைக்குள் தன் தெருவைத் தேடும். தன் பாட்டியைத் தேடும். அங்கே கத்தியோடு நிற்கும் ஒரு அந்நியனைத்தான் காணும். அந்தப் பிள்ளைக்கு நாம் இதைச் செய்யக்கூடாது.

யார் அந்நியர்? 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ காயலுக்கு வந்தபோது ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் அரபு நாடு முழுவதிலிருந்தும் குதிரைக் கப்பல்கள் அங்கே வந்து நின்றதை எழுதினார். பாண்டியருக்குக் குதிரை வேண்டும். வழியில் செத்த குதிரைக்கும் அரண்மனைக் கருவூலமே பணம் கொடுக்கும் என்ற உடன்பாடு இருந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதுகிறார். அப்படிப்பட்ட ஒரு குதிரை வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த தகியுத்தீன் அப்துர் ரகுமான் பாண்டிய அரசில் அமைச்சராகவே இருந்தார். அதற்குப் பிறகு 700 வருடம் போய்விட்டது. இன்று காயல்பட்டினத்து மக்கள் பேசுவது தமிழ், பாடுவது தமிழ். அருணகிரியாரின் சந்தத்தில் நபிகள் நாயகத்துக்குத் திருப்புகழ் பாடிய காசிம் புலவர் காயல்பட்டினத்துக்காரர். மகளுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அந்த வீட்டில் வந்து வாழ்கிற வழக்கம் அங்கே இன்றும் இருக்கிறது. வீடும் தெருவும் பெண்ணோடு நிற்க, ஆண்கள் கொழும்புக்கும் அதற்கு அப்பாலும் கடல் தாண்டிப் போய் வருவார்கள். இப்படி ஒரு சமூகத்தை வில்லனாக்கி ஒரு வரியில் முடிப்பது எவ்வளவு பெரிய நஷ்டம் பாருங்கள். நீங்கள் உருவாக்குகிற வணிகர் குலத்துக்கு இந்த ஒரு வழக்கத்தைக் கொடுத்தாலே போதும், சொத்து, வாரிசு, கல்யாணப் பேச்சு எல்லாம் கடல் மக்களின் முறையோடு முட்டிக்கொள்ளும், கதை ஓடும்.

கடல் மக்களுக்கும் நீங்கள் நியாயம் செய்யவில்லை. வெள்ளந்தி, பாட்டு, கோபம், வீரம், இவ்வளவுதான் அவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். புன்னைக்காயலிலும் மணப்பாட்டிலும் உள்ள பிள்ளைகளும் படிப்பார்கள் அல்லவா. பரதவர்கள் தங்களுக்கென்று தலைவரும் துறைதோறும் பட்டங்கட்டிகள் என்ற ஊர்த்தலைவர்களும் வைத்து, அரசர்களோடும் அந்நிய நாட்டவரோடும் பேரம் பேசித் தங்கள் உரிமையைக் காத்தவர்கள். 1530-களில் முத்துக்குளிப்பு உரிமையை ஒட்டி அவர்களுக்கும் கரையோர முஸ்லிம்களுக்கும் கடுமையான சண்டை மூண்டது. இரத்தம் சிந்தியது உண்மை, அதை நான் மறைக்கச் சொல்லவில்லை. அப்போது பரதவர்களின் பிரதிநிதிகள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைக் கேட்டார்கள். அதையொட்டி 1536, 37 வாக்கில் துறை துறையாக ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து, ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து கரையோரம் நடந்து நடந்து சொல்லிக்கொடுத்தார். பாதுகாப்புக்கு விலையும் உண்டு. முத்து வரி இப்போது புதிய எஜமானருக்குப் போனது. ஆனால் அதே வழியில் அச்சும் வந்தது. புன்னைக்காயலில் தங்கித் தமிழ் கற்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் அன்றீக் அடிகளார்தான் 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் புத்தகம் அச்சிட்டார். பிறகு வந்த டச்சுக்காரர் துறைமுகத்தை எடுத்துக்கொண்டார்கள், மக்களின் கத்தோலிக்க நம்பிக்கையை எடுக்க முடியவில்லை.

உங்கள் கதையில் மூன்றாவதாக ஒருவர் இல்லவே இல்லை. இரண்டு பேர் சண்டை போட்டால் மூன்றாவது கப்பல் ஒன்று கட்டாயம் கண்ணில் படும். அது காப்பாற்றவும் வரும், கணக்கு எழுதவும் வரும். ஒருவர் அதைக் கூப்பிட்டார் என்பதற்காக அவரைத் துரோகி ஆக்கிவிடாதீர்கள். கூப்பிடும்படி அவரைத் தள்ளியது எது என்று எழுதுங்கள்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். அவ்வளவு சண்டைக்குப் பிறகும் பரதவரும் முஸ்லிம்களும் ஒரே குளிப்பில், பக்கத்துப் பக்கத்துத் தோணிகளில், அவரவர் கல்லோடு இறங்கினார்கள். ஒருவரை ஒருவர் கரையைவிட்டுத் துரத்திவிடவில்லை. இன்றும் காயல்பட்டினத்துக்கு வடக்கே புன்னைக்காயல், தெற்கே வீரபாண்டியன்பட்டினம். நீங்கள் எழுதியிருக்கிற 'மீட்பு' நம் வரலாற்றில் நடக்கவில்லை. நடக்காமல் போனதற்காக நாம் நன்றியோடு இருக்க வேண்டும். கற்பனையிலும் அதை நடத்திப் பார்க்க வேண்டாம் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

தண்ணீர் பற்றிச் சுருக்கமாக. கடல் சூழ்ந்த ஊரில் குடிக்கத் தண்ணீர் இருக்காது. தூத்துக்குடி பல காலம் அந்தத் தவிப்பில் கிடந்தது. நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தது 1927-இல்தான். அதற்காகத்தான் அவரை இன்றும் ஊர் கொண்டாடுகிறது. உங்கள் நகரத்தின் நல்ல தண்ணீர்க் கிணறு எந்தத் தெருவில் இருக்கிறது என்று வரைபடத்தில் குறியுங்கள்.

பாலம் பற்றியும் ஒன்று. நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஆறு ஓடுவதும், ஒருகாலத்தில் படகில்தான் கடக்க வேண்டியிருந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். 1843-இல் திறந்த அந்தப் பாலத்தைக் கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தார் என்ற தலைமை அலுவலராக இருந்த சுலோசன முதலியார் தன் கைப்பணத்தில் கட்டினார். இன்றும் அவர் பெயரில்தான் அழைக்கிறோம். உங்கள் நகரத்தில் மதிலை எடுத்தால் அந்த இடத்தில் என்ன வைப்பது என்று கேட்டால், ஆற்றின் குறுக்கே பாதி கட்டி நிற்கிற ஒரு பாலத்தை வையுங்கள் என்பேன். யார் பணம் கொடுத்தார், எதனால் நின்றது, யாருக்கு அது முடியக்கூடாது என்பதையெல்லாம் நீங்கள்தான் எழுத வேண்டும்.

எழுத உட்காருவதற்கு முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். காலையில் கொற்கைக்குப் போங்கள். அங்கே கடல் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, ஆத்தூர் வழியாகப் பழையகாயல், புன்னைக்காயல் பாருங்கள். ஆறு கடலில் சேர்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்று, மணல் எப்படிச் சேர்கிறது என்று அங்குள்ள மீனவர்களிடம் கேளுங்கள். அவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். மதியத்துக்கு மேல் காயல்பட்டினம். தெரிந்த வீடு இருந்தால் வட்டிலாப்பம் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். சாயங்காலம் மணப்பாடு. முடிந்தால் ஆகஸ்ட் முதல் வாரத்தில் தூத்துக்குடி பனிமய மாதா திருவிழாவுக்கும் போய்வாருங்கள். எந்தெந்தச் சமயத்தார் வந்து நிற்கிறார்கள் என்று அங்கே பார்க்கலாம்.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். முதல் அத்தியாயத்தின் வரைவைக் காயல்பட்டினத்தில் ஒருவரிடமும் புன்னைக்காயலில் ஒருவரிடமும் படிக்கக் கொடுங்கள். அவர்கள் கோபப்படுகிற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் ஒரே இடத்தில் கோபப்பட்டால் அந்த இடத்தை அழித்துவிடுங்கள். வெவ்வேறு இடத்தில் கோபப்பட்டால் உட்கார்ந்து பேசுங்கள், அதில் கதை இருக்கும். இன்னொன்று, உங்கள் நகரத்தின் கல் கணக்கு. அதை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். கூட்டல் கழித்தல் சரியாக இருக்கிறதா, யாருடைய பங்கு விட்டுப்போயிருக்கிறது என்று வரிவரியாகப் பார்த்துத் தருகிறேன். அது நான் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை.

அன்புடன்,
ஏரலிலிருந்து உங்கள் வாசகன்